பார்த்தேன் என்பது கண்டேன் ஆகாது

மூன்று நாளாக நடக்கும் விவகாரம் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அப்பாவைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு நான் எழுதிய கட்டுரையில் "கண்டேன்" என்ற சொல்லைப் "பார்த்தேன்" என்று மாற்றிவிட்டார்கள். என் வருத்தத்தை இங்கே எழுதினேன். அதற்கு அந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியர், "இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே ஐயா, எளிமைக்காக மாற்றினோம்" என்று பதில் போட்டார். அந்தப் பதிலுக்கு விழுந்த லைக்குகளில் என்னோடு இருபது ஆண்டு பழகியவர்களின் பெயர்களும் இருந்தன. அதன் பிறகும் பேசாமல் இருப்பது எனக்கு முடியவில்லை.

நான் எழுதியனுப்பிய வரி இது: "எட்டு நாள் அப்பாவைப் பார்த்தேன், ஒரு நாள்தான் கண்டேன்." அச்சில் வந்த வரி இது: "எட்டு நாள் அப்பாவைப் பார்த்தேன், ஒரு நாள்தான் பார்த்தேன்." இதைப் படித்துவிட்டு ஒருவர், எட்டு நாளா ஒரு நாளா, கணக்கு இடிக்கிறதே என்று கேட்டிருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அச்சில் இருப்பதைப் படிக்கும் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றே என்றால் அந்த வாசகருக்குக் கணக்கு ஏன் இடித்தது என்பதற்கு மட்டும் உதவி ஆசிரியர் இன்றுவரை விடை சொல்லவில்லை.

பார்ப்பது கண்ணைச் செலுத்துவது. காண்பது, செலுத்திய கண்ணுக்குப் பொருள் அகப்படுவது. முதலாவது நம் முயற்சி. இரண்டாவது அந்த முயற்சிக்குக் கிடைத்த பலன். பார்த்தவர்கள் எல்லாரும் காண்பதில்லை. நான் சொல்ல வந்தது முழுவதும் இவ்வளவுதான். இதைப் பண்டிதத்தனம் என்று சொன்னவர்கள் தங்கள் வீட்டில் நாள்தோறும் பேசுவதை ஒருமுறை காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

வண்டிச் சாவி தொலைந்த காலைப் பொழுதை நினைத்துக்கொள்ளுங்கள். "மேசை மேல பார்த்தியா?" என்று ஒருவர் கேட்கிறார். "பார்த்துட்டேன், காணோம்" என்று மற்றவர் சொல்கிறார். அந்த இடத்தில் யாராவது "பார்த்துட்டேன், பார்க்கலை" என்று சொல்வாரா? சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பார்? பள்ளிக்கூடப் படியேறாத பாட்டியும், நேற்றுப் பேசத் தொடங்கிய பேரனும் இந்த வேறுபாட்டைத் தவறாமல் காப்பாற்றுகிறார்கள். தமிழை எழுதியே சம்பளம் வாங்கும் ஒருவருக்கு மட்டும் அது புலவர்களின் சண்டையாகத் தோன்றுகிறது.

"யார் கண்டா?" என்று சொல்கிறோம். நாளை மழை வருமோ வராதோ, யார் கண்டது? அங்கே காணுதல் என்பது அறிதல். "யார் பார்த்தது?" என்று மாற்றினால் அது சாட்சியைத் தேடும் கேள்வியாகிவிடும். கனவைக் காண்கிறோம், கனவைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் கனவை நோக்கிக் கண்ணைத் திருப்ப யாராலும் முடியாது, அது தானாக வருவது. தீர்வு காண்கிறோம், வெற்றி காண்கிறோம், விடை காண்கிறோம். மறுபக்கம், "தூக்கிப் பார்", "கேட்டுப் பார்", "தின்று பார்" என்கிறோம். முயன்று பார்ப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் தமிழ் துணைவினையாக எடுத்துக்கொண்டது பார் என்ற சொல்லைத்தான், காண் என்ற சொல்லை அன்று. "தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை" என்று சொல்ல முடிவதற்குக் காரணம், பார்ப்பதில் பலன் உறுதியில்லை என்பதுதான்.

அய்யம்பேட்டையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் அவர் வீட்டு மொட்டை மாடியில் நானும் நின்றிருக்கிறேன். எல்லாரும் மேற்கே பிறை பார்க்கிறார்கள். மேகம் இருந்தால் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். எங்கிருந்தாவது பிறை கண்டதாகச் சேதி வந்தால் மறுநாள் பெருநாள். வராவிட்டால் முப்பது நோன்பையும் முழுதாக்க வேண்டும். ஊரே பார்த்திருந்தாலும் கண்டவர் சொல்லுக்குத்தான் மதிப்பு. அந்த மாடியில் நின்று "இரண்டும் ஒன்றுதானே" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள் போட்டிருக்கிறதே என்று ஒருவர் படம் பிடித்துப் போட்டிருந்தார். அகராதி ஒரு சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லைக் காட்டும். இதை எடுத்துவிட்டு அதை வைத்துக்கொள் என்று அது எங்கும் சொல்லவில்லை. அதைவிட நல்ல சான்று வேண்டுமானால் குறளைத் திறக்கலாம். "வருவிருந்து பார்த்திருப்பான்" என்கிறது 86ஆம் குறள். விருந்தினர் இன்னும் வரவில்லை. வழிமேல் கண்ணாக இருக்கிறான். 487இல் "காலம்பார்த்து" என்று வருகிறது. காலம் இன்னும் கனியவில்லை, காத்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் எதிர்நோக்கிய பொருள் கைக்கு வரவில்லை. ஆனால் 355இலும் 423இலும் "மெய்ப்பொருள் காண்பது அறிவு" என்று வரும்போது, அங்கே வந்து சேர்ந்தாயிற்று. அந்த இடத்தில் "பார்ப்பது" என்று போட்டால் மெய்ப்பொருளை எட்ட நின்று வேடிக்கை பார்ப்பதே அறிவு என்றாகிவிடும். ஆண்டுக்கணக்காக இந்த வரியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். எளிமை கருதி அதையும் மாற்றலாம் என்று அந்த உதவி ஆசிரியர் சொல்வாரா?

மொழி மாறும் என்று சொன்னவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மாறும், ஒப்புக்கொள்கிறேன். இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் "நேற்று உன் அண்ணனைக் கடைவீதியில் பார்த்தேன்" என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்கிறேன். பல இடங்களில் காணும் வேலையையும் பார் என்ற சொல்லே சேர்த்துச் செய்கிறது. ஆனால் அது எல்லாரிடமும் நடந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தவர் "உங்களைக் கண்டு கனகாலம்" என்றுதான் இன்றும் நலம் விசாரிக்கிறார். மலையாளத்தில் "நோக்கி, கண்டில்ல" என்பார்கள். பார்த்தேன், ஆனால் கண்ணில் படவில்லை என்பதை இரண்டே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நம்மிடம் இருப்பதும் அதே செல்வம்தான். புழக்கத்தில் குறைந்துவிட்டது என்பதற்காக, வேண்டுமென்றே தேர்ந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு சொற்களில் ஒன்றைப் பிடுங்கி எறிவது மொழி தானாக மாறுவது ஆகாது. அது ஒருவர் கை செய்த வேலை. அதற்கு மொழியின் மேல் பழி போட வேண்டாம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இலங்கையில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்களைக் கேட்கட்டும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்தவர்கள் "காணாமல் போனோர்" என்று சொல்ல மறுத்து, "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். கையில் ஏந்திய படத்தை அவர்கள் நாள் முழுவதும் பார்க்கிறார்கள். என் மனத்தாங்கலை அவர்கள் துயரத்தோடு ஒப்பிடும் அளவுக்கு நான் மரத்துப்போகவில்லை. ஆனால் ஒரு வினைச்சொல்லுக்காக மனிதர்கள் விடாப்பிடியாக நிற்பது வீம்பு அல்ல என்பதை அவர்களை வைத்தாவது புரிந்துகொள்ளுங்கள்.

இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. என் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். ஆடி அமாவாசைக்கு ஐயாறப்பர் கோயிலில் அப்பருக்குக் கயிலைக் காட்சி விழா நடக்கும். கயிலையைத் தேடி நடந்து, கால் தேய்ந்து, கடைசியில் திருவையாற்றிலேயே "கண்டேன் அவர்திருப் பாதம், கண்டறியாதன கண்டேன்" என்று அவர் பாடியதை அப்பா கூட்டத்தில் நின்று முணுமுணுப்பார். ஆனால் எனக்கு அதைக் கற்றுத் தந்தது அந்தப் பாடல்கூட இல்லை. அப்பாவின் நெல் கணக்கு நோட்டுதான்.

அப்பா ஒன்றேகால் வேலி, ஏறத்தாழ எட்டு ஏக்கர், சாகுபடி செய்தவர். கதிர் முற்றி, தலை சாயத் தொடங்கும் நேரத்தில் வரப்பில் இறங்கி நடப்பார். நாலைந்து இடத்தில் குத்துக்கு ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஊதுவார். பதர் பறந்துவிடும். மிச்சம் நிற்கும் மணிகளைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணுவார். பிறகு கண்ணை இடுக்கி வயலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்துவிட்டு, "பார்வைக்கு மாவுக்குப் பதினொண்ணு சொல்லுது. கண்டுமொதல் என்னன்னு களத்துலதான் தெரியும்" என்பார். மா என்பது வேலியில் இருபதில் ஒரு பங்கு. அதற்குப் பதினோரு மூட்டை என்பது பயிரைப் பார்த்துச் சொன்ன கணக்கு. அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை பிடித்த பிறகு கையில் நிற்பது கண்டுமுதல். டெல்டாவில் பிறந்த எவரிடமும் கேளுங்கள், கண்டுமுதலை யாரும் பார்த்தமுதல் என்று சொல்ல மாட்டார்கள். விளைச்சலை நம்பிக் கடன் வாங்கியவனுக்குப் பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று தெரியும்.

அந்த நீள நோட்டில் ஒவ்வொரு போகத்துக்கும் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றின் தலையில் "பார்வை", இன்னொன்றின் தலையில் "கண்டுமுதல்". இரண்டும் ஒன்றாக இருந்த ஆண்டு ஒன்றுகூட அதில் இல்லை.

அவர் மருத்துவமனையில் இருந்த எட்டு நாளும் ஐசியூ வாசலில் ஒரு பலகை தொங்கியது, பார்வையாளர் நேரம் என்று. மாலையில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். "பார்த்துட்டு உடனே வந்துருங்க" என்று செவிலியர் அன்பாகத்தான் சொல்வார். நான் பார்த்தேன். குழாய்களைப் பார்த்தேன், திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்தேன், வீங்கிய கையைப் பார்த்தேன், மூடிய கண்களைப் பார்த்தேன். அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர் என் அப்பா என்பதற்கு அடையாளச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. ஆறாம் நாள் மாலை அவர் கண் திறந்தார். என்னைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கண் எங்கோ நின்றது. ஆனால் வலது கைக் கட்டைவிரல் மட்டும் மெல்ல அசைந்து சுட்டுவிரலில் எதையோ தள்ளித் தள்ளி நகர்த்தியது. நெல்மணி எண்ணும் அதே அசைவு. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் நான் அப்பாவைக் கண்டேன்.

கட்டுரையில் இதை இவ்வளவு விரித்து எழுதவில்லை. எழுதத் தைரியம் வரவில்லை. இரண்டு வினைச்சொல்லை அருகருகே வைத்தால் புரிகிறவர்களுக்குப் புரியும் என்று நம்பினேன். எளிமை, எளிமை என்கிறீர்கள். இதைவிட எளிமையாக எப்படி எழுதுவது? இரண்டும் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். வாசகருக்குப் புரியாது என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். ஆனால் புரியாமல் போனது நீங்கள் திருத்திய பிறகுதான். சந்தேகம் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். என் எண் உங்களிடம் இருந்தது. படைப்பு கிடைத்தது என்று சொல்ல அழைத்தீர்கள். வங்கிக் கணக்கு எண் கேட்க அழைத்தீர்கள்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளப் பதிவா, அப்பாவின் நினைவை வைத்து அனுதாபம் தேடுகிறாரா என்று இனியும் யாராவது எழுதக்கூடும். எழுதிக்கொள்ளட்டும். அப்பாவைப் பற்றிய அந்தக் கட்டுரை அவர் இல்லாமல் போய் நான்கு ஆண்டு கழித்து எழுதப்பட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற வரிகள் அத்தனையும் எழுதினேன்.

அவர் மார்கழிக் கடைசியில் போனார். சம்பா நிற்கிறது. நோட்டைத் திறந்தபோது அந்த ஆண்டுக்குப் பார்வைக் கட்டத்தில் பதினொன்று என்று எழுதியிருந்தார்; மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய வாரம் வரப்பில் நடந்திருக்க வேண்டும். கண்டுமுதல் கட்டம் காலியாக இருந்தது. தையில் அறுவடை முடிந்ததும் நான் ஒன்பதரை என்று எழுதினேன். என் கையெழுத்து அவருடையதைப் போலக் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

அச்சில் போனது போனதுதான். இணையப் பதிப்பிலாவது அந்த வரியை நான் எழுதியபடி திருத்த வேண்டும் என்று கேட்டு இன்று காலை மறுபடியும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.