கம்பெனி பேர பாக்காதீங்க, கேபிள் இழுவைய பாருங்க

சைக்கிளுக்கு ஒரே கம்பெனி கியர் பார்ட்ஸ்தான் போடணும், கலந்தா கியரே விழாதுன்னு கட்டுரைல ஒரே போடா போட்டுட்டீங்க, அது பாதிதாங்க சரி. என் வண்டில ஷிஃப்டரும் (ஹேண்டில்ல கியர் மாத்துற லீவர்) பின் டீரெய்லரும் (செயின அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளுற பாகம்) ஷிமானோ 9 ஸ்பீடு, அதாவது பின்னால 9 கியர், கேசட் (பின் சக்கரத்துல இருக்கற பல்சக்கர அடுக்கு) ஸ்ராம், செயின் கேஎம்சி, மூணு வருஷமா வெண்ணெய் மாதிரி போகுது, ஏன்னா 8, 9, 10 ஸ்பீடுல ஷிமானோ, ஸ்ராம் ரெண்டு பேரோட கேசட்லயும் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் இடைவெளி கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

சிக்கல் வர்றது ஷிஃப்டரும் டீரெய்லரும் சேர்ற எடம். முன்ன ஒரு தடவ சீப்பா கெடச்சுதேன்னு ஸ்ராம் எக்ஸ்5 டீரெய்லர அதே ஷிமானோ ஷிஃப்டரோட மாட்டுனேன். ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு இழுக்குறது சுமார் 2.5 மிமீ கேபிள், அதுக்கு ஷிமானோ டீரெய்லர் 1.7 மடங்கு நகரும், ஸ்ராம் 1.1 மடங்குதான், ஆனா அடுத்த பல்சக்கரம் இருக்கறதோ 4.35 மிமீ தள்ளி. எப்டி விழும்? செயின் நடுவுல நின்னு கரகரன்னு அரைக்குது, பேரல் அட்ஜஸ்டர (கேபிள் டைட்ட சரிபண்ற திருகு) திருகித் திருகி வெரல் தேஞ்சதுதான் மிச்சம். தப்பு என்னோடதுதான்.

இன்னொண்ணு, ஒரே கம்பெனின்னா மட்டும் சேந்துருமா? ஷிமானோலயே டியாக்ரா 4700ங்கற ரோடு பைக் மாடல் டீரெய்லர் அவங்களோட பழைய 10 ஸ்பீடு ரோடு பைக் ஷிஃப்டரோட சேராது, ஆனா 9 ஸ்பீடு எம்டிபி (மலை சைக்கிள்) டீரெய்லர் அதே ஷிஃப்டரோட ஜம்முனு சேருது!