கயிறு பிடிக்கும் பையன்கள்

இளைஞர்கள் அமைதிப் பணியில் இறங்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான், 2015-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2250-ஆம் தீர்மானமும் இதையே சொன்னது. ஆனால் 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காடு கலவரத்தைக் கண்ட குமரி மாவட்டத்தில் 'அமைதிக் கூட்டம்' என்றால் முன்வரிசை முழுக்கப் பெரியவர்கள்தான். பையன்கள் வாசலில் நின்று செல்போன் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் இரண்டு கூட்டம் அப்படியே போயிற்று.

2017 ஒக்கிப் புயலில் ரப்பர் மரங்கள் ரோட்டில் விழுந்து கிடந்தன. மரம் அறுக்கும் மெஷின் கோவில் தெருவில், பெட்ரோல் சர்ச் தெருவில்! அந்த வாரம் மரம் அறுக்கச் சேர்ந்த இரண்டு தெருப் பையன்கள்தான் இன்றும் கோவில், சர்ச் இரண்டு திருவிழா ஊர்வலத்துக்கும் கயிறு பிடிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஏதாவது வதந்தி வந்தால் முதலில் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளை மட்டும் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை, என் மகளுக்கு அதில் கோபம்.