லெய்டனில் இருக்கும் நம்ம ஊர்க் கதை

2023 டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நெதர்லாந்து போய் வந்தோம். மொத்தம் ஆறு நாள். தம்பி மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துக் கூலிமில் வேலை பார்த்துவிட்டு, அங்கே ஐந்தோவன் பக்கம் போய் அப்போது மூன்று வருடமாகியிருந்தது. "அம்மாவுக்குக் கால் தெம்பா இருக்கும்போதே கூட்டிட்டு வாங்கண்ணே" என்று ஒவ்வொரு போனிலும் கேட்டுக்கொண்டிருந்தான். சேர்த்து வைத்த காசு, கொஞ்சம் கடன். போனோம்.

நான் போட்ட ஆம்ஸ்டர்டாம் படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் அந்த ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். அழகான ஊர்தான், ஆனால் அங்கே ஒரு நாள்தான் இருந்தோம். என் மனம் நின்றது லெய்டனில். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது. ஊர் முழுக்கக் கால்வாய், கால்வாய்க்கு மேல் சின்னச் சின்னப் பாலம், பாலத்துக் கம்பியெல்லாம் சைக்கிள். குளிர்காலத்தில் அங்கே காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது, மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் தம்பியின் குளிர்ச்சட்டையையும் போட்டுக்கொண்டு, "பெரட்டுக்குப் போற நேரம் மாதிரியே இருக்குடா" என்றார். முப்பது வருடம் விடிவதற்கு முன்னால் எழுந்து, பெரட்டில் (தோட்டத்து ஆள் கணக்கெடுப்பில்) நின்றுவிட்டு, ரப்பர்ப் பால்காட்டுக்குப் போனவர் அவர்.

தெருவோரக் கடையில் திராட்சை போட்டுப் பொரித்த மாவு உருண்டை வாங்கினோம். மேலே சீனித்தூள். நம்ம ஊர் பீசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்) கடை வாசம் அப்படியே. அந்த ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டுச் சுவர்களில் பல மொழிக் கவிதைகளை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சுவரின் முன்னால் மகள் நின்று, "அப்பா, இது எனக்குப் புரியுது" என்று சத்தமாக வாசித்தாள். இந்தோனேசிய மொழிக் கவிதை. எங்கேயோ குளிர்தேசத்தில் ஒரு சுவர், நம் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் பேசுகிறது!

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

வித்தே சிங்கல் என்ற கால்வாய் ஓரத்தில் லெய்டன் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் நாங்கள் போனபோது அந்த நூலகத்தின் சேகரிப்பில்தான் இருந்தன. 21 செப்பு ஏடுகள். 5 சமஸ்கிருதத்தில், 16 தமிழில். ராஜேந்திர சோழனின் முத்திரை பதித்த வளையத்தில் கோத்தது, எடை சுமார் 30 கிலோ. பொதுக்காட்சியில் இல்லாததால் எங்களால் பார்க்க முடியவில்லை. கால்வாயின் எதிர்க்கரையில் நின்று கட்டடத்தை மட்டும் பார்த்தோம். தம்பி கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அந்த வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? கடாரத்து அரசன் ஒருவன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை, அதாவது பௌத்த மடத்தை, கட்டுகிறான். அந்தப் பள்ளிக்காக முதலாம் ராஜராஜன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக் கொடுக்கிறான். ஊரின் எல்லையை எப்படிக் குறித்தார்கள் என்பதுகூட அதில் இருக்கிறது. ஒரு பெண் யானையை நடக்க விட்டு, அது சுற்றி வந்த வழியையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். என் மகன் அந்த யானையை விடவே இல்லை. தங்கும் இடம் திரும்பும் வரைக்கும் அதைப் பற்றியேதான் கேள்வி.

கடாரம் என்றால் நம்ம கெடா. நான் இருக்கும் பீடோங்கிலிருந்து மெர்போக் எவ்வளவு தூரம்? காரில் கால் மணி நேரம். ஜெராய் மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், அந்தக் காலத்துக் கோயில்களின் கல் அடித்தளங்கள் இன்றும் கிடக்கின்றன. மூன்று தலைமுறையாக நாங்கள் மரம் சீவிய மண் இதுதான். இந்த ஊரின் பெயர் தமிழில் பொறித்த செப்பேட்டைத் தேடி நான் விமானம் ஏறிப் பத்தாயிரம் கிலோமீட்டர் போயிருக்கிறேன். என் தோட்டத்துப் பள்ளியில் இதைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட யாரும் சொன்னதில்லை. அங்கே நின்றபோது அதுதான் வலித்தது.

இன்னொன்றும் தோன்றியது. மேடைகளில் 'கடாரம் கொண்டான்' என்று முழங்கும்போது நானும் கைதட்டியவன்தான். 1025இல் ராஜேந்திரன் கப்பற்படையோடு வந்து கடாரத்தை அடித்தது வரலாறு, மறுக்கவில்லை. ஆனால் நாம் இன்று வாழ்வது அந்த அடி வாங்கிய ஊரில். நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் ஊரும் அதுதான். அவரிடம் 1025ஐப் பெருமையாகச் சொல்லி நான் என்ன செய்யப் போகிறேன்? அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்னால் இந்த ஊர் அரசன் அங்கே கட்டினான், அந்த ஊர் அரசன் நிலம் கொடுத்தான். அவரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேச எனக்கு இந்தக் கதைதான் வேண்டும். பிள்ளைகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில்தான் ரஜூலா கப்பல் ஏறினார். பினாங்கில் இறங்கினார். "கூலியா வந்தவங்கதானே" என்று நம் பிள்ளைகள் இன்றும் கேட்டுக்கொள்கிறார்கள். கூலியாக வந்ததில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, அந்த உழைப்பில்தான் நான் படித்தேன். ஆனால் அவர் வந்தது ஆயிரம் வருடத்துக் கடல்வழி என்று அவருக்கே யாரும் சொல்லவில்லையே.

டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வைத்திருந்தார்கள். செப்பேடு கடல் கடந்தது அந்த ஆட்சியின் வழியில்தான். 2023 ஜூலையில், காலனி ஆட்சிக் காலத்தில் கொண்டுவந்த 478 பொருள்களை இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்கும் திருப்பித் தர நெதர்லாந்து முடிவெடுத்தது. இந்தச் செப்பேடும் பிறந்த மண்ணுக்குப் போக வேண்டும் என்பதே அங்கே நின்றபோது என் எண்ணம். ஆனால் அது எங்கே இருந்தாலும், அச்சு அசலாக ஒரு நகல் மெர்போக் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் அதன் வாசகம் இருக்க வேண்டும்.

வயிற்றுப்பாட்டுக்கு நடுவில் இது எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். சூளாமணி விகாரத்தில் கடைசியாக மிஞ்சி நின்ற கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். இங்கே பூஜாங்கில் 11ஆம் எண் கோயிலின் மிச்சத்தை 2013இல் வீடு கட்டுவதற்காக இடித்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் நான் சுங்கைப் பட்டாணியில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது உறைக்கவே இல்லை. அது என்ன என்று தெரிந்திருந்தால்தானே உறைக்கும்?

திரும்பி வந்த அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரையும் மெர்போக் கூட்டிப் போனேன். அம்மா புக்கிட் பத்து பாஹாட் கோயில் கல்லில் உட்கார்ந்துகொண்டார். கீழே ஓடையில் பிள்ளைகள் குளிக்கும் சத்தம். மகன் அந்த அடித்தளத்தைச் சுற்றி மெதுவாக, யானை மாதிரி நடந்து வந்தான்.

பீடோங், செமெலிங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளை மெர்போக்குக்கு அழைத்துப் போக வேன் செலவும் சாப்பாடும் நான் பார்த்துக்கொள்கிறேன்.