கார் என்ன விலை என்றுதானே கேட்டேன்?

நாலு வாரமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கார் என்ன விலை? சிங்கப்பூரில் பழைய கார் விற்கும் உபியில் கேட்டேன். காக்கி புக்கிட்டில் கேட்டேன். கிராஞ்சி வரைக்கும் போய்க் கேட்டேன். ஒரு தொகையை நேராகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதையும் என்னிடம் கேட்பதில்லை, பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரரிடம் கேட்கிறார்கள். அவருக்கு லைசென்ஸே கிடையாது. ஓட்டப்போவது நான், கடனும் என் பெயரில்தான். "இவங்ககிட்ட பேசுங்க" என்று அவர் கையைக் காட்டிச் சொன்ன பிறகும் அடுத்த பேச்சு அவர் முகத்தைப் பார்த்துத்தான் வருகிறது. எனக்கு அங்கேயே ரத்தம் கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

எங்களுக்குக் கார் பகட்டுக்கு வேண்டாம். மாமியாருக்கு இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. தாழ்ந்த செடான் காரில் அவர் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். இருக்கை கொஞ்சம் உயரமாக இருந்தால் தானே பக்கவாட்டில் சாய்ந்து ஏறிக்கொள்வார். அதனால்தான் நடுத்தர அளவில் ஒரு கிராஸ்ஓவர் தேடுகிறோம். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. 1.35 மீட்டர் உயரம் வரும்வரை பிள்ளைகளைத் தனி இருக்கையில் வைத்துக் கட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. மழை கொட்டும் காலை நேரத்தில் ஒரு சக்கர நாற்காலி, இரண்டு பிள்ளைகள், மருத்துவமனையில் பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட் என்று செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்று டாக்சி தேடிப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், சிங்கப்பூரில் கார் எதற்கு என்று.

அதனால் நான் கடைக்குப் போகும்போது அளவு நாடாவும் பிள்ளைகளின் இரண்டு இருக்கைகளும் கொண்டுபோகிறேன். பின்னால் அந்த இரண்டையும் மாட்டிய பிறகு நடுவில் ஒரு பெரிய ஆள் உட்கார முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். முன்னால் மாமியார் உட்கார்ந்துவிட்டால் என் வீட்டுக்காரருக்கு வேறு இடம் இல்லை. காஷ்காய், சிஎக்ஸ்-5, எக்ஸ்-டிரெயில், சிஆர்-வி என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். கார் ரொம்ப அகலமாகவும் இருக்கக் கூடாது. கார் நிறுத்தும் கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர். கார் 1.84 மீட்டர் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மிஞ்சுவது 56 சென்டிமீட்டர். அந்தச் சந்தில் கதவைத் திறந்து, குனிந்து, அழுகிற பிள்ளைக்குப் பெல்ட் போட வேண்டும். இதையெல்லாம் மாட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? ஒரு கடையில் "சீட்டை மாட்டக் கூடாது, லெதர் கெட்டுப்போகும்" என்றார்கள். குடும்பக் கார் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், குடும்பத்தை ஏற்றிப் பார்க்கக் கூடாதாம்.

சரி, விலைக்கு வருகிறேன்.

இங்கே பழைய கார் வாங்குவது என்றால் மிச்சமிருக்கும் வருடங்களை வாங்குவது. கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்தான் சிஓஇ, அது பத்து வருடம். 1990 முதல் இப்படித்தான். அது தெரிந்துதான் கார் வாங்கக் கிளம்புகிறோம், அதில் எனக்குப் புகார் இல்லை. நான் பார்த்த கார் 2018 அக்டோபரில் பதிவானது, ஏறக்குறைய மூன்று வருடம் மிச்சம். இணையத்தில் போட்டிருந்த விலை 58,800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஓஎம்வி, அதாவது வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு, 24,000. அதற்கு அன்று கட்டிய ஏஆர்எஃப் என்கிற கூடுதல் பதிவுக் கட்டணம் 25,600. பத்தாவது வருட முடிவில் பதிவை ரத்து செய்தால் அதில் பாதி, 12,800 வெள்ளி, திரும்பக் கிடைக்கும். 58,800-இல் அதைக் கழித்து மூன்றால் வகுத்தால் வருடத்துக்கு 15,333 வெள்ளி தேய்மானம். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. உட்கார்ந்து யோசித்து, நம்மால் முடியும் என்று முடிவு செய்துதான் போனேன்.

அங்கே போனால் 58,800 என்பது விலையே இல்லை. நிர்வாகக் கட்டணம் என்று 800. பெயர் மாற்றக் கட்டணம் என்று 350. காரைக் கழுவிப் பளபளப்பாக்கியதற்கு 300. பெயர் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையம் வாங்குவது 25 வெள்ளி. இருபத்தைந்து! மிச்சம் 325 எதற்கு என்று கேட்டேன். "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்றார் விற்பனையாளர். இது ஒரு பதிலா? எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்றால் எல்லாக் கடையும் என்னை ஏமாற்றுகிறது என்றுதானே அர்த்தம்?

இன்னும் முடியவில்லை. கடன் வேண்டாம், என் வங்கியிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உடனே விலை 3,000 வெள்ளி ஏறிவிட்டது. அவர்கள் சொல்லும் நிதி நிறுவனத்தில் கடன் எடுத்தால்தான் 58,800-ஆம். காசை மொத்தமாகக் கையில் வைத்தாலும் கூடுதல் விலைதான். உலகத்தில் வேறு எந்தக் கடையில் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு விலை ஏறும்? காரணம் ஒன்றும் ரகசியமில்லை. கடன் எடுத்துக் கொடுத்தால் கடைக்குக் கமிஷன். அந்தக் கமிஷன் எங்கிருந்து வருகிறது? நான் கட்டும் வட்டியிலிருந்து. என் வட்டியில் பங்கு கிடைக்காது என்று தெரிந்ததும் அதை விலையில் ஏற்றுகிறார்கள். இதைக் காரின் விலை என்று எப்படிச் சொல்வது?

அந்த வட்டியையும் பாருங்கள். ஓஎம்வி 20,000-ஐத் தாண்டினால் விலையில் 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும், அது நாணய ஆணையத்தின் விதி. எனக்கு 35,280. "மூணு பர்சன்ட்தான்" என்றார். மூன்று வருடத்துக்கு 3,175 வெள்ளி வட்டி, மாதம் 1,068. ஆனால் அது ஃபிளாட் வட்டி. நான் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருவேன், அவர்கள் கடைசி மாதம் வரை முழு 35,280-க்கும் வட்டி போடுவார்கள். உண்மையான வட்டி கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதை அவர் வாயால் சொல்லவைக்க மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. "மாசம் 1,068தானே, உங்களால முடியாதா?" என்று மறுபடி என் வீட்டுக்காரரிடம் திரும்புகிறார். காப்புறுதி, சாலை வரி, இஆர்பி என்கிற சாலைக் கட்டணம், புளோக்கின் மாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு மாதம் 110, இதெல்லாம் அவர் கட்டுவாரா?

கடைசியில் நானே தாளில் கூட்டினேன். அவர்கள் கடனை எடுக்காவிட்டால் 63,250 வெள்ளி. நான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமையில் இரண்டரை மணி நேரம் போனது, சின்னவன் தரையில் படுத்துத் தூங்கிவிட்டான்.

சிஓஇ ஏறினால் கேட்கவே வேண்டாம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனதே, அன்றிலிருந்து இவர்களுக்கு அது ஒரு மந்திரம். புதன்கிழமை நாலு மணிக்கு ஏல முடிவு வரும், வியாழக்கிழமை காலை பழைய காரின் விலை மாறியிருக்கும். இந்தக் காருக்கு 2018-இல் கட்டிய சிஓஇ முப்பதாயிரத்துச் சொச்சம்தான். அது எப்போதோ கட்டி முடிந்த காசு. ஏலத்தில் விலை இறங்கிய வாரமும் ஒன்று வந்தது. அந்த வியாழக்கிழமை ஒரு காரின் விலையும் இறங்கவில்லை. நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது நாலாவது கடையில் நடந்தது.

அங்கே இருந்தவர் தமிழர். பார்த்ததும் "வாங்கக்கா" என்றார். நாலு வாரத்தில் முதல்முறையாக ஒருவர் என்னைப் பார்த்துப் பேசினார். மாமியாரின் முட்டியைப் பற்றி விசாரித்தார். தன் அம்மாவுக்கும் அதே பிரச்சினை என்றார். பிள்ளைகளுக்கு மைலோ வாங்கிக் கொடுத்தார். "நம்ம ஆளுங்ககிட்ட நான் தில்லுமுல்லு பண்ணுவேனாக்கா?" என்றார். நான் நம்பினேன். வேறொரு கார், 58,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரே உரிமையாளர். வெளியே ஒரு பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்றேன். "தாராளமா பாருங்க, ஆனா அட்வான்ஸ் கட்டுனாத்தான் வண்டி வெளிய போகும். சரியில்லேன்னா திருப்பித் தந்துடுவேன்" என்றார். 2,000 வெள்ளி கட்டினேன். அந்த வாக்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதது என் தப்பு. அக்கா என்று கூப்பிட்டவரிடம் எழுதிக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை.

நூற்றுச் சொச்சம் வெள்ளி கட்டி முழுப் பரிசோதனை செய்தேன். காரைத் தூக்கி நிறுத்தி, விளக்கடித்து, பெயின்ட் கனத்தை அளந்து பார்த்தார்கள். பின்னால் இடது பக்கத் தகடு வெட்டி ஒட்டப்பட்டது. வெல்டிங் தழும்பு உள்பக்கம் அப்படியே தெரிகிறது, மேலே புதுப் பெயின்ட். என் மகள் உட்காரப்போகிற பக்கம் அது. "டயர் புதுசுக்கா" என்று சொன்னாரே, டயரில் இருந்த எண் 3518. அதாவது 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. ரப்பர் கல்லாகிவிட்டது. பக்கவாட்டில் கறுப்பு மெருகு பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினேன். முகம் மாறிவிட்டது. "இது சின்ன அடிக்கா. பழைய வண்டின்னா இப்படித்தான் இருக்கும்." அட்வான்ஸ் திரும்ப வராது, வேண்டுமானால் வேறு கார் பார்க்கலாம் என்றார். அப்புறம் சொன்னார், இந்தக் கார் கடையுடையது இல்லையாம், உரிமையாளர் விற்றுத்தரச் சொல்லி விட்டுவைத்திருக்கும் கன்சைன்மென்ட் காராம், அதனால் கடைக்குப் பொறுப்பில்லையாம். காசு வாங்கும்போது கடையின் ரசீதுதானே கொடுத்தார்கள்? கேட்டேன். கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். இருக்கும் நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வரி. தெரிந்துகொள்ளுங்கள், அப்படிக் கையெழுத்து வாங்கினாலும், கோளாறான பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டத்தை அவர்களால் ஒதுக்க முடியாது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, பழைய காருக்கும் பொருந்தும். கார் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் அது முதலிலேயே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். ஆனால் நான் இன்னும் காரை எடுக்கவில்லை. என் சிக்கல் வாயால் கொடுத்த ஒரு வாக்கு. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே சரிவராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம். 2,000 வெள்ளிக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போய் நிற்பேன். அது எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளின் பாலர் பள்ளிக்கும் துணைப்பாடத்துக்கும் போகிற காசு.

கோபம் காசால் மட்டும் இல்லை. மாமியாரின் முட்டி அந்த விற்பனையில் ஒரு கருவியாகிவிட்டது. நான் மனசுவிட்டுச் சொன்னதை அவர் எடுத்து என்னிடமே பயன்படுத்தினார். மற்ற மூன்று கடைக்காரர்கள் என்னை மனுஷியாகவே பார்க்கவில்லை. இவர் நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, வெட்டி ஒட்டிய காரில் என் பிள்ளையை உட்காரவைக்கத் தயாராக இருந்தார்.

நேற்று இரவு மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றார். "விடும்மா, கார் எதுக்கு? நான் பஸ்ஸுலயே வந்துக்கிறேன், உக்காந்து உக்காந்து வந்தா முடியும்" என்றார். பஸ் படியில் போன மாதம் அவர் தடுக்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நடுங்கியது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நாலு கடைக்காரர்கள் சேர்ந்து அவர் வாயால் அதைச் சொல்ல வைத்துவிட்டார்கள்.