பிசாசுக்கு வக்கீல் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை ‘தி வெய்லிங்’ என்ற கொரியப் படத்தின் திரையிடலுக்குப் பின் நடந்ததை அங்கிருந்தவர்கள் அறிவீர்கள். “ஜப்பான்காரன்தான் பிசாசு, இதைச் சொல்ல 156 நிமிடமா?” என்று நண்பர் கேட்டார்; அரங்கு சிரித்தது. பதில் சொல்ல எழுந்த என்னிடம், “சார், பிசாசுக்கு வக்கீலா?” என்றார் இன்னொருவர். நானும் சிரித்துவைத்தேன். மூன்று நாட்களாக அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

நா ஹாங்-ஜின் 2016இல் இயக்கிய ‘தி வெய்லிங்’ நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்று: அவன்தான் என்று எந்த நிமிடத்தில் முடிவு செய்தாய்? கொரிய மலைக்கிராமம் ஒன்றில் குடும்பம் குடும்பமாகச் சாகிறார்கள். விஷக் காளான்தான் காரணம் என்று செய்தி சொல்கிறது. ஊரோ காட்டோரம் தனியாக வாழும் ஜப்பானியரைக் காட்டுகிறது. அந்த மண்ணை ஜப்பான் 1910 முதல் 1945 வரை ஆண்டது என்பதை நினைத்தால், அந்த விரல் ஏன் அவ்வளவு எளிதாக நீண்டது என்பது புரியும்.

கதை நாயகனான காவலரின் மகளை மீட்க வரவழைக்கப்படும் மந்திரவாதியின் சடங்குக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இங்கே அவர் மரக்கம்பத்தில் ஆணி அறைகிறார். அங்கே ஜப்பானியர் துடிக்கிறார். நடுவில் காவலரின் மகள் அலறுகிறாள். ‘இன்னும் ஓங்கி அடி’ என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த ஆணி ஜப்பானியருக்குத்தான் என்று நம்மிடம் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இரண்டு காட்சிகளை மாற்றி மாற்றி ஒட்டினார்கள். மிச்சத்தை நாமே இட்டு நிரப்பிக்கொண்டோம். எந்த நிமிடத்தில் முடிவு செய்தோம் என்று நான் கேட்பது இதைத்தான்.

“கடைசியில் குகைக்குள் அவர் பிசாசாகவே மாறுகிறாரே?” என்பீர்கள். மாறுகிறார், மறுக்கவில்லை. ஆனால் அரிவாளோடு, பிசாசு என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு வந்த ஓர் இளைஞனின் முன்னால்தான் மாறுகிறார். படத்தின் தொடக்கத்தில் வரும் லூக்கா 24ஆம் அதிகார வசனத்தையே, உயிர்த்தெழுந்த இயேசு தன் கைகளைக் காட்டிச் சொன்னதையே, அவர் வாயிலிருந்து கேட்கும்போது எனக்கு உடல் சில்லிட்டது. மந்திரவாதியின் பெட்டியிலிருந்து இறந்தவர்களின் புகைப்படங்கள் கொட்டுவதைச் சுட்டிக்காட்டி இருவரும் கூட்டாளிகள் என்று வாதிடுவோருக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை யாரும் ஞாயிறன்று கேட்கவில்லையே! நீளத்தைப் பற்றி மட்டும்தானே கேட்டீர்கள்? அதற்கு, ஐந்து நிமிடத்தில் கதையை விளக்கும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன, தாராளமாகப் பாருங்கள் என்பதே என் பதில்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், காரணம் படத்தில் மட்டும் இல்லை. 2018 மே மாதத்தில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று ஊரார் அடித்தே கொன்றார்கள். வடமாநிலத்துக் கும்பல் ஊருக்குள் புகுந்திருக்கிறது என்ற குரல்பதிவு அதற்குச் சில நாட்கள் முன்பு எனக்கும் வந்திருந்தது. அதை என் மனைவிக்கும், அலுவலகக் குழுவுக்கும், அக்காவின் வீட்டுக் குழுவுக்கும் அனுப்பியவன் நான். அக்கறையோடுதான் அனுப்பினேன். மகளைக் காப்பாற்றத் துடிக்கும் அந்தக் காவலரும் அக்கறையோடுதான் ஜப்பானியரின் வீட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்குகிறார்.

“சினிமாவைச் சினிமாவாகப் பாருங்கள் சார்” என்று பின்னூட்டம் வரும். அப்படிப் பார்க்க முடிந்தவர்கள் பாக்கியவான்கள். சேவல் மூன்று முறை கூவும் வரை பொறு என்று படத்தில் வரும் மர்மமான வெள்ளுடைப் பெண் கெஞ்சியும், அவளையே சந்தேகித்து வீட்டுக்கு ஓடுகிற அந்தத் தகப்பனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்பதிவை அனுப்பிய என் கட்டைவிரல்தான் நினைவுக்கு வருகிறது.

அடுத்த மாதத் திரையிடலுக்கு என்னை அறிமுக உரைக்கு அழைத்திருக்கிறீர்கள். மன்னிக்கவும், வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.