வீட்டுத்தோட்டக் கூட்டத்தை ஆவணிக்கு மாற்றுங்கள்

வைகாசி பிறந்தால் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பாடசாலை, மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், எல்லோருக்கும் ஒரே திகதிதான் வேண்டும்: ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம். "ரீச்சர், ஒரு மணித்தியாலம் வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் பேசுங்கோ, முடிய ஆளுக்கு ரெண்டு மிளகாய்க் கன்றும் ஒரு கத்தரியும் குடுக்கிறம்" என்பார்கள். அன்போடுதான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் இத்தனை காலமாக வீட்டுத்தோட்டத்தைப் பற்றி எழுதியும் பேசியும் வருகிறவள் என்ற முறையில் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருகோணமலையில் ஜூன் மாதம் கன்று கொடுத்தால் அது சாகும். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு வருசமும் கொடுக்கிறோம்.

1972இல் ஸ்டொக்ஹோமில் ஐ.நா. சுற்றாடல் மாநாடு தொடங்கிய நாள் ஜூன் 5. கொழும்புக்கும் காலிக்கும் இரத்தினபுரிக்கும் அந்தத் திகதி நன்றாகப் பொருந்துகிறது. தென்மேல் பருவமழை அங்கே கொட்டுகிற நேரம், தடியை ஊன்றினாலும் துளிர்க்கும். அதே காற்று மலைநாட்டில் ஈரத்தை எல்லாம் இறக்கிவிட்டு, வெறும் சூட்டோடு கச்சான் காற்றாக எங்கள் பக்கம் வருகிறது. எங்களுக்கு மழை வாடைக் காற்றோடு வரும். ஐப்பசியில் பிடித்தால் மார்கழி, தை வரை. கொழும்புக்குப் பொருந்துகிற திகதியை அப்படியே கிழக்குக்கும் அனுப்பினால், விதைக்கக்கூடாத மாதத்தில் விதைக்கச் சொல்கிறோம்.

கச்சான் என்ன செய்யும் என்பதை ஒரு மிளகாய்க் கன்றில் பாருங்கள். விடியக் காலமை தண்ணீர் ஊற்றுகிறீர்கள், இலை நிமிர்ந்து நிற்கிறது. பத்து மணிபோல் காற்று எழும்பும். மத்தியானத்துக்குள் இலை எல்லாம் தொங்கிவிடும். விரலை விட்டுப் பார்த்தால் அடிமண்ணில் இன்னும் ஈரம் இருக்கும். வேர் குடிக்கிறதைவிட வேகமாகக் காற்று இலையில் இருந்து ஈரத்தைப் பறிக்கிறது. பைக்குள் வளர்ந்த நாலு விரல் நீள வேருக்கு அதற்கு ஈடுகொடுக்க முடியாது. பின்னேரம் கொஞ்சம் தேறும், அடுத்த நாளும் தொங்கும். இப்படியே போனால் இலையோரம் கருகி, நுனி சுருண்டு, வறண்ட காலத்தில் பெருகும் சிறு பூச்சிகள் இலைக்கு அடியில் குடியேறும். பிறகு எத்தனை வாளி ஊற்றினாலும் அந்தக் கன்று காய்க்காது.

மண்ணையும் யோசியுங்கள். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் முழுக்க மணல். ஊற்றுகிற தண்ணீர் நின்று பார்க்காமல் இறங்கிவிடும். கரைக்குக் கிட்டவுள்ள கிணறுகளில் கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்கச் சவர் ஏறும். அந்தத் தண்ணீரை நாளாந்தம் ஊற்றினால் உப்பு மேல்மண்ணில் தங்கும். நிலாவெளியில் கோடையிலும் வெங்காயம் செய்கிறார்களே என்று கேட்கலாம். செய்கிறார்கள். பம்பு வைத்து, பாத்தி கட்டி, நாள் தவறாமல் இறைக்கிறவர்கள் அவர்கள், அது அவர்களுடைய சீவனோபாயம். காலமை வேலைக்குப் போய்ப் பொழுதுபட்டு வருகிற ஒரு தாயிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது ஒரு அம்மாதான். கூட்டம் முடிந்து கன்று பங்கிடும்போது அவர் தன் பையை என்னிடம் திருப்பித் தந்தார். "பிள்ளை, போன வருசம் தந்ததில ஒண்டும் தப்பேல்ல. எனக்குக் கைராசி இல்லை. வேற ஆருக்கும் குடுங்கோ." வீட்டில் என்ன நிற்கிறது என்று கேட்டேன். முருங்கை இரண்டு, கறிவேப்பிலை, தேசி, வேலியில் பசளி, கிணற்றடியில் வாழை. எல்லாம் அவர் வைத்து வளர்த்தவை. அப்படிப்பட்ட கைக்கு ராசி இல்லை என்று அவரை நம்ப வைத்தது நாங்கள் கொடுத்த திகதி. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கன்று செத்தால் இன்னொரு கன்று வாங்கலாம். "எனக்குத் தோட்டம் சரிவராது" என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால் பிறகு எந்தப் பேச்சும் அவரிடம் எடுபடாது.

2022இல் இதே பிழை நாடளாவிய அளவில் நடந்தது. அதற்கு முந்தின வருசம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, நவம்பரில் தடையை விலக்கியிருந்தார்கள். அடுத்த வருசம் சாமான் விலை ஏறி, எரிபொருள் இல்லாமல் சனம் தவித்தபோது, அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது அமைச்சரவை. ஜூன் மாதம் தொடங்கி மூன்று மாதத்துக்கு. நோக்கத்தில் குறை இல்லை, பசி உண்மையானது. ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு அந்த வெள்ளிக்கிழமைகள் மழைக்கு முன்னமே முடிந்துபோயின.

தோட்டத்தைப் பற்றி எழுதுகிற வேலையில் முக்கால்வாசி, எந்தக் கிழமை எதைச் செய்வது என்பதுதான். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த ரூத் ஸ்டவுட் (1884–1980) மண்ணைக் கொத்தாமல், வருசம் முழுக்கக் காய்ந்த புல்லால் மூடியே மரக்கறி வளர்த்தார், எழுதினார், தன் தோட்டத்துக்கே ஆட்களை வரவழைத்துக் காட்டினார். மண்ணை வெறுமையாக விடாதே என்பது எனக்கும் வேதம். ஆனால் பனி போனபின் விதைக்கிற நாட்டின் நாள்கணக்கு இங்கே உதவாது. காய்ந்த வைக்கோலைக் கோடையில் இங்கே பரப்பினால் கறையான் ஏறிவிடும். தமிழ்நாட்டு இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் ஐயாவும் (1938–2013) சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உப்பேறிய வயல்களை மீட்க விவசாயிகளோடு நின்றவர். அந்த மண்ணை மிதித்தபடி பேசியதால்தான் அவர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. எங்கள் ஊருக்கும் எங்கள் மாதங்களைச் சொல்லுகிற எழுத்தும் பேச்சும் வேண்டும்.

ஆகவே ஆவணியில் கூப்பிடுங்கள். கூட்டெருவை அரித்து எடுக்க, பாத்திக்கு இடம் பார்க்க அதுதான் நேரம். புரட்டாதி நடுவில் தும்புச்சோறும் (தென்னந்தும்புத் தூள்) மாட்டெருவும் கலந்து மிளகாய், கத்தரி நாற்று மேடை போடலாம். முதல் மழை இரண்டு மூன்று விழுந்து மண் குளிர்ந்த பிறகு, ஐப்பசியில் நடலாம். வெண்டி, பயிற்றை, பீர்க்கு, பாகல் நேரே விதைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள். கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பிடித்தால் தாழ்ந்த பாத்தியில் வேர் அழுகிவிடும். மணலில் போட்ட பசளையும் அந்த மழையோடு கழுவுண்டு போகும், ஆனபடியால் எருவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். தக்காளிக்கு அவசரம் வேண்டாம், பெருமழை தணிந்து மார்கழிக் கடைசியில் நட்டால் பழம் வெடிக்காமல் கிடைக்கும்.

வேலியைப் பற்றியும் பேச வேண்டும். கோட்டைப் பக்கத்து மான்கள் ரவுண் வீதிகளில் திரிகிற ஊர் இது. கோடையில் புல் காய்ந்தால் அவை வளவுக்குள் எட்டிப் பார்க்கும். குரங்கும் கட்டாக்காலி மாடும் வேறு. எந்த நாட்டுத் தோட்டப் பேச்சிலும் இதற்குப் பதில் கிடைக்காது, இங்கே அயலவர்கள் கூடித்தான் வழி தேட வேண்டும்.

ஜூன் 5ஐ விட முடியாது, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றால், அன்றைக்கும் வருகிறேன். அன்று கன்று வேண்டாம். எல்லோருமாக ஒரு கூட்டெருக் குழி வெட்டுவோம், வேலி கட்டுவோம், வேப்பங்கொட்டை விழ விழப் பொறுக்கிக் காயவைப்பது எப்படி என்று காட்டுகிறேன். கன்றுக்கு ஒதுக்கிய காசைப் பத்திரமாக வைத்திருந்து, புரட்டாதியில் விதையாக வாங்கிப் பங்கிடுங்கள். அதிபர்மாரும் சங்கத் தலைவிமாரும் இந்தப் பதிவுக்குக் கீழே ஆவணியில் தங்களுக்கு வசதியான ஒரு சனிக்கிழமையைக் குறிப்பிட்டால் போதும், நான் வந்து சேருவேன்.