குச்சி கொடுத்தார்கள், நடக்கச் சொல்லித்தரவில்லை

அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர். கிளாக்கோமா என்று தெரிவதற்குள் பாதிப் பார்வைக்கு மேல் போய்விட்டது. இந்த நோயில் பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். சுவரில் தொங்கும் காலண்டரில் ராகு காலம் பார்த்துச் சொல்லுவார், காலடியில் படுத்திருக்கும் நாய் மேல் இடறி விழுவார்.

மாற்றுத்திறனாளி அட்டைக்காக ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். மேசையில் கிடந்த படிவத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து அவரே பெயரைப் படித்துவிட்டார். "பெரியவர் நல்லாத்தானே பார்க்கிறாரு" என்றார் அங்கிருந்தவர். எழுத்து தெரிகிறதா என்பதை மட்டும் வைத்துப் பார்வைக் குறைபாட்டை முடிவு செய்ய முடியாது. பார்வைப் பரப்பு 10 டிகிரிக்கும் கீழே சுருங்கிவிட்டால் அது பார்வையின்மைதான் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. இதை நான் படித்துக்கொண்டு போய் விளக்க வேண்டியிருந்தது. மூன்றாவது நடையில் அட்டை கிடைத்தது. கூடவே இலவசமாக ஒரு மடக்குக் குச்சியும்.

அந்தக் குச்சி ஏழு மாதம் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது.

கொடுத்தவர்கள் கையெழுத்து வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை பார்க்கும், பிறவியிலேயே பார்வையில்லாத ஓர் ஆசிரியத் தம்பிதான் நான்கு சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்தார். வலது கால் முன்னே போகும்போது குச்சி இடது பக்கம் தட்ட வேண்டும், இடது கால் போகும்போது வலது பக்கம். அடுத்த காலை வைக்கப்போகும் இடத்தைக் குச்சி முதலில் பார்த்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அறுபத்து மூன்று வயதில் அதைத் தானாகக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது.

அம்மாவின் காது கதையும் இதேதான். இரண்டு காதிலும் 50 டெசிபலுக்குக் கொஞ்சம் மேல் இழப்பு. சட்டப்படி கேட்கும் திறன் குறைந்தவர் என்று சொல்ல இரண்டு காதிலும் 60 டெசிபல் வேண்டும். ஆக, அட்டை கிடையாது. சொந்தக் காசில் வாங்கிய மெஷினை முதல் வாரமே கழற்றி மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டார். குக்கர் விசில் மண்டையைப் பிளக்கிறதாம், பேரன் பேச்சு மட்டும் கேட்கவில்லையாம். பிறகு இன்னோர் இடத்தில் மூன்று முறை உட்காரவைத்து ஒலியைத் திருத்திக் கொடுத்தார்கள். இப்போது சீரியல் நேரத்துக்காவது மாட்டுகிறார்.

நம் ஊரில் கண்ணுக்கும் காதுக்கும் உதவி என்றால் குழந்தைகள் ஞாபகம்தான் முதலில் வருகிறது. சிறப்புப் பள்ளி, உதவித்தொகை, சிறு வயதிலேயே காதுக்குள் கருவி வைக்கும் காக்ளியர் ஆபரேஷன். எல்லாம் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் பெரியவர்களுக்கான பயிற்சி ஒன்றும் புதிதல்ல. 1943இல் போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காக டேராடூனில் விடுதி வந்தது, 1950இல் வயது வந்த பார்வையற்றோருக்கான பயிற்சி மையம் வந்தது. அந்த வழியில் வளர்ந்த, பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்வை மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. சரி, தெருமுனைக்கே தனியாகப் போக முடியாதவர் பூந்தமல்லிக்கு எப்படிப் போவார்?

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரையும் பி.பி. மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம், அம்மாவே வாங்குகிறார். அதே வாசலுக்குக் குச்சி பிடிக்கச் சொல்லித்தர ஒருவர் மாதம் இரண்டு நாள் வந்தால் என்ன? காது மெஷினைத் திருத்த ஓர் ஆள்? உலக வங்கிக் கடனுதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கிறார்கள். எங்கள் பக்கம் திறந்தால் கட்டடத்தைப் பார்க்க மாட்டேன். தெருவில் இறங்கிக் கூட நடக்க ஆள் உண்டா என்றுதான் கேட்பேன். அந்த வேலைக்கு எங்கள் ஆசிரியத் தம்பி மாதிரி ஆட்களை எடுத்தால் இன்னும் நல்லது. நான் வாயால் ஆயிரம் சொல்லியும் கேட்காத அப்பா, அவர் சொன்னதும் கேட்டார்.

இப்போது காலை ஆறு மணிக்கு அப்பா தனியாக டீக்கடைக்குப் போகிறார். என்ன ஒன்று, கடைக்குப் பத்தடி முன்னாலேயே குச்சியை மடக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொள்கிறார். ஏன்ப்பா என்று கேட்டேன். "நாலு பேர் உட்கார்ந்திருப்பாங்கடா" என்றார்.